ஒரு சுவர், பல முகவரிகள்

2006ஆம் ஆண்டின் கடைசி நாள். விக்கிப்பீடியாவில் ஒரு குறிப்பிட்ட இணைய முகவரியில் இருந்து யாரோ தொடர்ந்து குழப்படி பண்ணிக்கொண்டிருந்தார்கள். பக்கங்களைக் கெடுப்பது, அழிப்பது, கண்டதையும் எழுதுவது என்று. விக்கிப்பீடியாவின் நிர்வாகிகளில் ஒருவர் வழக்கம்போல அந்த முகவரியைத் தடை செய்தார். சாதாரணமாக ஒரு ஆளை, மிஞ்சிப்போனால் ஒரு வீட்டை, ஒரு பள்ளிக்கூடத்தைத் தடுக்கும் வேலை அது. ஆனால் அன்று தடைபட்டது கத்தார் என்கிற முழு நாடு.

காரணம் எளிமையானது. அந்தக் காலத்தில் கத்தாருக்கு இணையம் கொடுத்தது ஒரே ஒரு கொம்பனி. நாட்டின் இணையப் போக்குவரத்து அந்த ஒற்றை முகவரி வழியாகத்தான் வெளியே போனது. வெளியில் இருந்து பார்க்கிறவனுக்குத் தோஹாவில் இருக்கிற மந்திரியும், கட்டட வேலைக்குப் போன நம்மட ஊர்க் காக்காவும், குழப்படி பண்ணிய அந்த ஆளும் ஒரே ஆள். கணக்கு இல்லாமல் விக்கிப்பீடியாவில் ஒரு சொல்லைத் திருத்தக்கூட அங்கே யாராலும் முடியவில்லை. கிட்டத்தட்ட அரை நாளுக்குப் பிறகுதான் தடை நீங்கியது.

முகவரி என்றால் என்ன, சுவர் என்றால் என்ன, ஒரு சுவருக்குப் பின்னால் எத்தனை பேர் ஒரே முகவரியில் இருக்கலாம் என்கிற கேள்விகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கொம்பியூட்டர் படித்தவர்களின் விசயம் என்று நாம் ஒதுக்கி வைத்த வரலாறு. காத்தான்குடியில் இருந்துகொண்டு அதைப் படிக்கும்போது அது வேறு மாதிரித் தெரிகிறது.

வளவு பிரித்த கதை

நம்மட ஊரில் வளவு பிரிப்பது எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். உம்மாவுக்குச் சீதனமாக வந்த வளவு இருக்கும். மூத்த மகளுக்குக் கல்யாணம் வந்தால் அதில் ஒரு பாதி. அடுத்தவளுக்கு மீதியில் பாதி. கடைக்குட்டிக்குப் பின்பக்கம் ஒரு துண்டு, அதற்குப் போக ஒரு மூன்று அடி ஒழுங்கை. வாப்பாவின் காலத்தில் 12ஆம் இலக்கமாக இருந்த வீடு இப்போது 12, 12/1, 12/2 என்று ஆகியிருக்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற ஒடுங்கலான நிலம். சுமார் 40,000 பேர். புது நிலம் எங்கிருந்தும் வராது. இருக்கிறதைத்தான் பிரிக்க வேண்டும்.

இன்டர்நெட்டின் கதையும் இதேதான். ஆனால் அதைத் தொடங்கியவர்கள் நிலம் முடியும் என்று நினைக்கவே இல்லை.

1981 செப்டெம்பரில் இன்டர்நெட்டின் நான்காம் பதிப்பு முகவரி முறை எழுத்தில் வந்தது. ஒவ்வொரு முகவரியும் 32 பிட் நீளம். மொத்தம் ஏறத்தாழ 430 கோடி முகவரிகள். அன்றைக்கு அது பெரிய எண். ஆராய்ச்சி நிலையங்களில் சில நூறு கொம்பியூட்டர்கள்தான் இருந்தன. ஆகவே கேட்டவர்களுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். மூன்று அளவு: ஏ வகுப்பு என்றால் ஒரு கோடி 67 லட்சம் முகவரி, பி வகுப்பு என்றால் 65,536, சி வகுப்பு என்றால் 256. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு, அதாவது ஒரு பல்கலைக்கழகத்துக்கு, ஏ வகுப்பு ஒன்று கிடைத்தது. கார் செய்கிற ஃபோர்ட் கொம்பனிக்கு ஒன்று. 1981 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் மொத்தச் சனத்தொகை ஒரு கோடி 48 லட்சம். அதாவது இலங்கையில் பிறந்த குழந்தையில் இருந்து கிழவர் வரைக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தாலும் மிச்சம் வரக்கூடிய முகவரிகளை ஒரு பல்கலைக்கழகம் தன் கையில் வைத்திருந்தது. 2017இல் அந்தப் பல்கலைக்கழகமே தன்னிடம் ஒரு கோடி 40 லட்சம் முகவரிகள் பயன்படாமல் கிடப்பதாகச் சொல்லி, அதில் 80 லட்சத்தை விற்கப் போவதாக அறிவித்தது.

பிரச்சினை 1990களின் தொடக்கத்தில் தெரிந்துவிட்டது. நடுத்தர அளவான ஒரு நிறுவனத்துக்கு 256 போதாது, 65,536 மிக அதிகம். எல்லாரும் பி வகுப்பைக் கேட்டார்கள், அது தீரத் தொடங்கியது. 1993 செப்டெம்பரில் வகுப்புகளை ஒழித்து, வளவை எந்த அளவிலும் பாதி பாதியாகப் பிரிக்கிற முறை வந்தது. 256ஐ 128 ஆக்கலாம், அதை 64, 32, 16, 8 என்று வெட்டிக்கொண்டே போகலாம். இன்றைக்கும் ஒரு கடையோ சங்கமோ இணைய கொம்பனியிடம் 'எங்களுக்குச் சொந்தமாகச் சில முகவரிகள் வேண்டும்' என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது இப்படி வெட்டிய எட்டு முகவரித் துண்டுதான். அதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

சுவர் வந்த கதை

முதலில் சுவரே இருக்கவில்லை. எல்லாக் கொம்பியூட்டருக்கும் ஒரு பொது முகவரி, யாரும் யாரிடமும் நேரே போகலாம். படலை இல்லாத ஊர் மாதிரி. ஒருவரை ஒருவர் தெரிந்த ஆராய்ச்சியாளர்கள் மட்டும் இருந்தவரைக்கும் அது ஓடியது.

1988 நவம்பர் 2ஆம் திகதி ரொபேர்ட் மொரிஸ் என்கிற மாணவர் விட்ட ஒரு நிரல், தன்னைத்தானே பிரதி எடுத்துக்கொண்டு கொம்பியூட்டருக்குக் கொம்பியூட்டர் தாவியது. அந்தக் காலத்தில் இணைந்திருந்ததாகக் கருதப்பட்ட சுமார் 60,000 கொம்பியூட்டர்களில் 6,000 அளவில் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள். அதற்குப் பிறகுதான் வாசலில் ஆள் வைக்கிற யோசனை வேகம் எடுத்தது.

பயர்வோல் என்கிற சொல் கட்டட வேலையில் இருந்து வந்தது. ஒரு வீடு பற்றினால் பக்கத்து வீட்டுக்குத் தீ தாவாமல் இருக்க நடுவில் எழுப்புகிற சுவர். 1666இல் லண்டன் எரிந்த பிறகு அங்கே மரத்துக்குப் பதிலாகச் செங்கல்லும் கல்லும் கொண்டுதான் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். தீச்சுவர் என்று நாம் தமிழில் எழுதுவது அதனால்தான்.

ஆரம்பகால பயர்வோல்கள் பொதியின் மேல் எழுதியிருக்கிற விவரத்தை மட்டும் பார்த்தன: எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்தப் போர்ட். பட்டியலில் இருந்தால் விடு, இல்லாவிட்டால் நிறுத்து. 1990களின் தொடக்கத்தில் டெக் என்கிற கொம்பியூட்டர் கொம்பனி இதை ஒரு விற்பனைப் பொருளாகவே கொண்டு வந்தது. பிறகு 1993இல் இஸ்ரேலில் தொடங்கிய செக் பொயின்ட் கொம்பனி, ஞாபகம் வைத்திருக்கும் பயர்வோலைப் பரவலாக்கியது. அதாவது உள்ளே இருந்து யார் யாரிடம் பேசப் போனார்கள் என்று குறித்து வைத்திருக்கும். பதில் வந்தால் விடும். யாரும் கூப்பிடாமல் வந்து கதவைத் தட்டினால் விடாது. இன்றைக்கு நம்மட வீட்டு வைபை ரவுட்டருக்குள் இருக்கிற சின்ன பயர்வோலும் இதே வேலையைத்தான் செய்கிறது.

முகவரிக்கு வேஷம்

சுவர் ஒரு பக்கம் எழும்பும்போது, முகவரிப் பஞ்சம் மறுபக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் 1994இல் ஒரே பெட்டிக்குள் வந்து சேர்ந்தன.

அந்த வருசம் மே மாதம் எகவாங், ஃபிரான்சிஸ் என்கிற இருவர் ஒரு யோசனையை ஆவணமாக எழுதினார்கள். உள்ளே இருக்கிற கொம்பியூட்டர்களுக்கு வெளியில் செல்லாத தனி முகவரிகளைக் கொடுப்போம். வாசலில் இருக்கிற பெட்டி, வெளியே போகிற பொதியில் அந்தத் தனி முகவரியை அழித்துவிட்டுப் பொது முகவரியை எழுதும். பதில் வரும்போது திரும்ப மாற்றும். இதற்குப் பெயர் முகவரி மாற்றம், சுருக்கமாக 'நாட்'. இது நிரந்தரத் தீர்வு வரும்வரைக்கும் ஒரு தற்காலிக ஏற்பாடு என்று அவர்களே எழுதியிருந்தார்கள். நம்மட ஊரில் தற்காலிகமாகப் போட்ட தகரக் கொட்டில் முப்பது வருசம் நிற்கிற மாதிரி, அதுவும் இன்றைக்கு வரைக்கும் நிற்கிறது.

அதே ஆண்டில் ஜோன் மேயஸ் என்பவர் தொடங்கிய ஒரு சின்ன அமெரிக்க கொம்பனி இந்த யோசனையைப் பெட்டியாகச் செய்தது. நிரலை எழுதியவர் பிரான்ட்லி கொய்ல். பெட்டியின் பெயர் பிக்ஸ். பழைய கந்தோர்களில் இருந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சை நினைத்துப் பாருங்கள்: வெளியே போக நாலைந்து லைன், உள்ளே ஐம்பது எக்ஸ்டென்ஷன். அந்தக் கருத்தை இன்டர்நெட்டுக்குக் கொண்டு வந்ததால்தான் அந்தப் பெயர். 1995இல் சிஸ்கோ கொம்பனி அதை வாங்கியது. முகவரியை மிச்சப்படுத்தப் பிறந்த பெட்டி, பிறகு உலகத்தில் அதிகம் விற்ற பயர்வோல்களில் ஒன்றாக மாறியது.

முகவரி மாற்றமும் பாதுகாப்பும் ஒன்று என்று இன்றைக்கும் பலர் நினைப்பது இந்தக் கலப்பால்தான். இரண்டும் வேறு வேறு. ஒன்று பெயரை மாற்றுகிறது, மற்றது வாசலைக் காக்கிறது. ஒரே பெட்டி இரண்டையும் செய்வதால் ஒன்று போலத் தெரிகிறது.

1996 பெப்ரவரியில் தனி முகவரிகளுக்கான இடங்கள் உறுதியாயின. 10இல் தொடங்குவது, 172.16 முதல் 172.31 வரை, 192.168இல் தொடங்குவது. உங்கள் வீட்டு ரவுட்டரின் முகவரி 192.168 என்று தொடங்குமே, அது அங்கிருந்து வந்ததுதான்.

1990, இரண்டு ஞாபகங்கள்

இலங்கையின் இணைய வரலாற்றை எழுதுகிறவர்கள் 1990ஐத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவவின் முயற்சியில் பல்கலைக்கழகங்களுக்கிடையே லேர்ன்மெயில் என்கிற மின்னஞ்சல் சேவை அந்த ஆண்டு தொடங்கியது. டெலிபோன் லைன் வழியாக, கடிதங்களைச் சேர்த்து வைத்து நேரம் பார்த்து அனுப்புகிற முறை. கிஹான் டயஸ் பொறுப்பேற்ற எல்.கே. என்கிற நாட்டுப் பெயரும் அதே 1990இல்தான் பதிவானது. இலங்கைக்கு உலக வலையில் ஒரு முகவரி கிடைத்த வருசம்.

எங்கட ஊருக்கு அதே வருசம் வேறொரு காரணத்துக்காக ஞாபகம் இருக்கிறது. 1990 ஆகஸ்ட் 3, வெள்ளி இரவு. மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தச் சுவர்களில் துப்பாக்கிச் சன்னம் பட்ட ஓட்டைகள் இன்றைக்கும் இருக்கின்றன. கொழும்புப் பக்கம் முதல் மின்னஞ்சல்கள் போய்க்கொண்டிருந்த காலத்தில், இங்கே இருந்தவர்களுக்கு அடுத்த ஊரில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வதே பெரும்பாடு.

இந்த இரண்டு ஞாபகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது அனுதாபம் கேட்பதற்காக இல்லை. முகவரிப் பங்கீட்டின் வரலாற்றில் நேரம்தான் எல்லாம். முன்னால் போய் வரிசையில் நின்றவர்களுக்கு ஏக்கர் கணக்கில் கிடைத்தது. பின்னால் வந்தவர்களுக்குப் பேர்ச் கணக்கில். 1995இல் லங்கா இன்டர்நெட் சேர்விசஸ் நாட்டின் முதல் வணிக இணைய சேவையைத் தொடங்கியபோது, வகுப்புக் கணக்கில் அள்ளிக் கொடுத்த காலம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. போர் 2009இல் முடிந்தது. கிழக்கிலும் வடக்கிலும் சாதாரண வீடுகளுக்கு இணையம் பரவலாக வந்து சேர்வதற்குள் உலகக் கிடங்கே காலி.

அந்தத் திகதிகள் துல்லியமானவை. 2011 பெப்ரவரி 3ஆம் திகதி உலக மையக் கிடங்கில் இருந்த கடைசி ஐந்து பெரிய துண்டுகளைப் பிராந்திய அமைப்புகளுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஆசிய பசிபிக் பிராந்தியத்துக்கான அமைப்பான ஏப்னிக், 2011 ஏப்ரல் 15ஆம் திகதி தன் கடைசித் துண்டுக்கு வந்து சேர்ந்தது. உலகத்தின் ஐந்து பிராந்தியங்களில் முதலில் முடிந்தது நம்முடையதுதான். அதற்குப் பிறகு ஒரு உறுப்பினர் கொம்பனிக்கு அந்தக் கடைசித் துண்டில் இருந்து அதிகபட்சம் 1,024 முகவரி என்று பங்கீடு வைத்தார்கள். 2019இல் அதையும் 512 ஆகக் குறைத்தார்கள். அரிசிக் கூப்பன் காலத்தைப் பற்றி வாப்பாமார் சொல்வார்களே, அந்த மாதிரி.

கூப்பன் வந்தால் கறுப்புச் சந்தையும் வரும், இங்கே வந்தது வெளிப்படையான சந்தை. 2011இல் வங்குரோத்தான நோர்டெல் கொம்பனியிடம் இருந்து மைக்ரோசொப்ட் 666,624 முகவரிகளை 75 லட்சம் டொலருக்கு வாங்கியது. முகவரி ஒன்று 11 டொலர் சொச்சம். ஒரு காலத்தில் இலவசமாகக் கிடைத்த எண். 2024 பெப்ரவரி 1 முதல் அமேஸன் தன் சேர்வர்களில் ஒவ்வொரு பொது முகவரிக்கும் மணிக்கு 0.005 டொலர் அறவிடுகிறது. ஒரு வருசத்துக்குக் கிட்டத்தட்ட 44 டொலர். எண்ணுக்கு வாடகை.

எட்டு முகவரியை வைத்து என்ன செய்வது?

இப்போது வேலைக்கு வருவோம். ஊரில் ஒரு சங்கமோ நூலகமோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சொந்தமாக ஒரு இணையத்தளச் சேர்வர், ஒரு மெயில் சேர்வர், உறுப்பினர்களின் கொம்பியூட்டர்கள், வருகிறவர்களுக்கு இலவச வைபை. இணைய கொம்பனி எட்டு முகவரித் துண்டு ஒன்றைக் கொடுக்கிறது. உதாரணத்துக்கு 203.0.113.8 முதல் 203.0.113.15 வரை. (இது விளக்கங்களுக்காகவே ஒதுக்கிய எண், யாருடைய வீடும் இல்லை.)

எட்டும் நமக்கு இல்லை. முதலாவது, அதாவது 8, துண்டின் பெயர். கடைசி 15, எல்லாரையும் ஒரே தடவையில் கூப்பிடுவதற்கு. 9, கொம்பனியின் ரவுட்டருக்கு. மிச்சம் 10 முதல் 14 வரை ஐந்து. வளவு பிரிக்கும்போது ஒழுங்கைக்குப் போகிற நிலம் மாதிரி.

இந்த ஐந்தையும் ஐந்து கொம்பியூட்டரில் நேரே போடலாம். ஆனால் அப்போது ஐந்து வாசல், ஐந்து காவல். ஆகவே ஐந்தையும் ஒரே பயர்வோலின் வெளிப்பக்கத்தில் வைக்கிறோம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கொம்பனியின் ரவுட்டர் 12ஆம் முகவரிக்கு ஒரு பொதி வந்தால் கம்பியில் சத்தம் போட்டுக் கேட்கும்: யார் 12? 1982இல் எழுதிய வழக்கம் அது. 12 என்கிற பெயரில் வெளியே யாரும் இல்லை, மெயில் சேர்வர் சுவருக்கு உள்ளே 192.168.10.12 என்ற பெயரில் இருக்கிறது. ஆகவே பயர்வோல்தான் 'நான்தான்' என்று பதில் சொல்ல வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்கிற இந்த முறை 1987இலேயே எழுத்தில் வந்துவிட்டது. இன்றைய பயர்வோல்களில் ஒவ்வொரு மேலதிக முகவரியையும் துணை முகவரியாகப் பதிந்துவிட்டால் போதும். பலர் இந்த ஒரு படியை விட்டுவிட்டு, மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஏன் வேலை செய்யவில்லை என்று மண்டையை உடைப்பார்கள்.

சில கொம்பனிகள் வேறு மாதிரிச் செய்யும். உங்கள் பயர்வோலுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு தனி இணைப்பு முகவரி கொடுத்துவிட்டு, எட்டுத் துண்டை முழுதாக உங்கள் வாசலுக்கு அனுப்பிவிடும். அப்போது சத்தம் போட்டுக் கேட்பதும் இல்லை, 'நான்தான்' என்று சொல்ல வேண்டியதும் இல்லை. எந்த முறை என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது பங்கீடு. 10 பயர்வோலுக்கே. 11 இணையத்தளத்துக்கு, 12 மெயிலுக்கு. இவற்றை ஒன்றுக்கு ஒன்று என்று கட்டிவிடலாம்: வெளியே 12 என்றால் உள்ளே 192.168.10.12, அவ்வளவுதான். ஆனால் கட்டிவிட்டதால் வாசல் திறந்ததாக அர்த்தம் இல்லை, திறக்கவும் கூடாது. இணையத்தளத்துக்கு 443ஆம் போர்ட், மெயிலுக்கு அதற்குரிய போர்ட், மற்ற எல்லாம் பூட்டு. இந்த இரண்டு சேர்வரையும் உறுப்பினர்களின் கொம்பியூட்டர்கள் இருக்கிற பகுதியில் வைக்காமல் தனி அறையில் வைக்க வேண்டும். வெளி ஆட்களைச் சந்திக்கிற திண்ணை வேறு, வீட்டின் உள்ளறை வேறு. திண்ணையில் இருப்பவர் கெட்டுப்போனாலும் உள்ளே வர முடியாது.

இதற்குப் பிறகு வருவதுதான் பலர் மறக்கிற பகுதி, எங்களுக்கு முக்கியமான பகுதியும் அதுதான். வெளியே போகிற போக்குவரத்து எந்த முகவரியில் போகிறது? எதுவும் சொல்லாவிட்டால் எல்லாம் 10இலேயே போகும். வைபையில் வந்து இருக்கிற யாரோ ஒருவரின் போனில் வைரஸ் இருந்து அது ஆயிரம் குப்பை மெயில் அனுப்பினால், 10 கறுப்புப் பட்டியலுக்குப் போகும். மெயில் சேர்வரும் 10 வழியாக வெளியே போனால் நம்மட கடிதங்களையும் உலகம் குப்பை என்று வீசும். ஆகவே மெயில் சேர்வர் உள்ளே வருவதும் 12, வெளியே போவதும் 12 என்று கட்ட வேண்டும். வந்து போகிறவர்களின் வைபைக்கு 14 என்று தனியாக ஒன்று. 14 கெட்டுப்போனால் 14 மட்டும் கெடும்.

ஒரே ஒரு முகவரியை வைத்துப் பல இணையத்தளங்களை நடத்த இன்றைக்கு வழிகள் இருக்கின்றன. பெயரைப் பார்த்துப் பிரித்து அனுப்பும் இடையாள் சேர்வர் போதும். ஆனால் நற்பெயரைப் பிரித்து வைக்க ஒன்றுக்கு மேல் முகவரி வேண்டும். ஒருவன் செய்தது மற்றவன் தலையில் விழாமல் இருப்பதற்கு.

ஒரே முகவரியில் ஊர் முழுக்க

இந்த வசதி காசு கட்டி முகவரி வாங்குகிறவர்களுக்கு. நமக்கு?

நம்மில் பெரும்பாலானவர்களின் இணையம் போன் வழியாக அல்லது சிம் போட்ட ரவுட்டர் வழியாகத்தான். அங்கே கொம்பனியே ஒரு பெரிய முகவரி மாற்றப் பெட்டி வைத்திருக்கும். வீட்டுக்குள் ஒரு மாற்றம், கொம்பனியில் இன்னொரு மாற்றம். நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியில் வெளியே போவார்கள். இதற்கென்றே 2012 ஏப்ரலில் 100.64 முதல் 100.127 வரை ஒரு தனித் துண்டை ஒதுக்கினார்கள். உங்கள் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து வெளிப்பக்க முகவரி எதில் தொடங்குகிறது என்று பாருங்கள். அந்த எல்லைக்குள் இருந்தாலோ 10இல் தொடங்கினாலோ நீங்களும் அந்த வரிசையில்தான்.

கடையில் போட்ட கமராவைக் கத்தாரில் இருக்கிற சாச்சாவால் நேரே பார்க்க முடியாமல், எங்கேயோ இருக்கிற கமரா கொம்பனியின் சேர்வரைச் சுற்றிப் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான். நாம் போய்ப் பார்க்கலாம், வாங்கலாம், ஸ்க்ரோல் பண்ணலாம். நம்மட வீட்டுக்கு யாரும் நேரே வர முடியாது, ஏனென்றால் வீட்டுக்கு முகவரி இல்லை. இணையத்தில் வாடிக்கையாளராக இருக்கலாம், கடை போட முடியாது.

அதைவிடப் பெரிய விசயம் ஒன்று இருக்கிறது. 2017 ஒக்டோபரில் ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பான யூரோபோல் இந்தப் பகிர்வு முறையை முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டது. ஒரு குற்றத்தைத் தேடிப் போகும்போது முகவரி மட்டும் கையில் இருந்தால், அதற்குப் பின்னால் ஏராளமான அப்பாவிகள் நிற்கிறார்கள், எல்லாரும் விசாரணை வளையத்துக்குள் வருகிறார்கள் என்பது அவர்களின் கவலை. அதற்கு முன்பே, 2012 மே மாதம், நியூயோர்க் கிழக்கு மாவட்ட நீதிமன்றத்தின் நீதவான் கேரி பிரவுன் ஒரு வழக்கில் ஒரு முகவரியை வைத்து ஒரு ஆளை அடையாளம் கண்டதாகச் சொல்ல முடியாது என்று முடிவு செய்தார். இணைப்புக்குக் காசு கட்டுகிறவர் ஒருவர், பாவித்தவர் வேறொருவராக இருக்கலாம்.

இதைக் காத்தான்குடிக்காரர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 2019 ஏப்ரல் 21 ஞாயிறு தாக்குதலை வழிநடத்தியவன் எங்கட ஊரில் பிறந்தவன். அவனுடைய பேச்சுகளைப் பற்றி இந்த ஊர் முஸ்லிம்களிடம் இருந்தே முறைப்பாடுகள் போயிருந்தன. 2017 மார்ச்சில் ஊருக்குள் நடந்த மோதலுக்குப் பிறகு அவன் தலைமறைவாகியிருந்தான். ஆனால் தாக்குதலுக்குப் பிறகு அதெல்லாம் கணக்கில் வரவில்லை. அடையாள அட்டையில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் முகம் மாறுவதை, பஸ்ஸில் இருந்து தனியாக இறக்கப்படுவதை, வாடகைக்கு அறை இல்லை என்று சொல்லப்படுவதை அந்த வருசம் நம்மில் பலர் கண்டோம். கத்தாருக்கு விக்கிப்பீடியாவில் அரை நாள் நடந்தது, எங்கட ஊருக்கு மாதக் கணக்கில் நடந்தது. வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு ஒரே முகவரி. உள்ளே இருக்கிற 40,000 பேரைப் பிரித்துப் பார்க்க அவனிடம் வழியும் இல்லை, விருப்பமும் இல்லை.

சுவரின் மறுபக்கம்

சுவர் யார் கையில் இருக்கிறது என்பதும் வரலாற்றில் ஒரு பகுதிதான். 2018 மார்ச்சில் கண்டி திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிகளும் தாக்கப்பட்டபோது, 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாவற்றையும் தடுத்தது. வெறுப்பைப் பரப்பிய பதிவுகளை நிறுத்துவதற்கு என்று சொன்னார்கள். அந்த வெறுப்புக்கு இலக்கானவர்களும் அதே சுவருக்குள் இருந்தார்கள். உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று வட்ஸ்அப்பில் கேட்க முடியவில்லை. 2019 ஏப்ரலில் திரும்பவும் தடை, மே மாதம் மறுபடியும். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிக்கு எதிரான போராட்டங்களின் நடுவில், இன்னொரு தடவை. அது ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் விபிஎன் போட்டு வேறு நாட்டு முகவரியில் வெளியே போனார்கள். மற்றவன் முகவரியைக் கடன் வாங்கித்தான் தன் வீட்டாரோடு பேச வேண்டியிருந்தது.

ஒரு சங்கத்தின் வாசலில் நிற்கிற பயர்வோலும் ஒரு நாட்டின் வாசலில் நிற்கிறதும் வேலையில் ஒன்றுதான். விதிகளை யார் எழுதுகிறார், உள்ளே இருப்பவரிடம் கேட்டு எழுதுகிறாரா என்பதில்தான் வித்தியாசம்.

இனி

1994இல் தற்காலிகம் என்று சொன்னார்களே, அந்த நிரந்தரத் தீர்வு வராமல் இல்லை. 1995 டிசம்பரிலேயே ஆறாம் பதிப்பின் முதல் வரைவு வந்துவிட்டது. 32 பிட்டுக்குப் பதிலாக 128 பிட். உலகத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டு கொடுத்தாலும் தீராது. 2012 ஜூன் 6ஆம் திகதி பெரிய கொம்பனிகள் சேர்ந்து அதை நிரந்தரமாகத் தொடக்கி வைத்தன. அதில் முகவரியை ஒளித்து மாற்ற வேண்டியதில்லை, ஒவ்வொரு கருவிக்கும் சொந்த முகவரி. சுவர் மட்டும் தேவை, வேஷம் தேவையில்லை. ஆனால் பழைய முறையை இழுத்துக்கொண்டு போக முடிகிறவரைக்கும் மாறுவதற்குக் கொம்பனிகளுக்கு அவசரம் இருக்காது. கேட்கிறவர்கள் இருந்தால்தான் நகரும்.

ஆகவே கேட்போம். அடுத்த தடவை இணைய இணைப்பு எடுக்கும்போது வேகமும் டேட்டாவும் மட்டும் கேட்காமல் மூன்று கேள்வி சேர்த்துக் கேளுங்கள். எங்களுக்குப் பொது முகவரி கிடைக்குமா? ஆறாம் பதிப்பு இருக்கிறதா? சங்கத்துக்கு அல்லது பள்ளிக்கூடத்துக்கு ஒரு முகவரித் துண்டு எடுப்பதானால் மாதம் எவ்வளவு? ஊரில் கொம்பியூட்டர் படித்த தம்பி தங்கச்சிமாருக்குக் குறைவில்லை. பழைய கொம்பியூட்டர் ஒன்றில் இரண்டு நெட்வேர்க் கார்ட் போட்டால் இலவச மென்பொருளிலேயே மேலே சொன்ன பயர்வோலை எழுப்பலாம். 2010இல் இருந்து .இலங்கை என்று தமிழிலேயே முடிகிற பெயரையும் பதியலாம். நம்மட ஊரின் பழைய புகைப்படங்கள், பள்ளி வரலாறுகள், 1990இன் சாட்சியங்கள் எல்லாம் இன்றைக்கு யாரோ ஒருவரின் பேஸ்புக் பக்கத்தில் கிடக்கின்றன. அந்தப் பக்கம் ஒரு நாள் மூடப்பட்டால் அவையும் போய்விடும். அவற்றை நம்மட சேர்வரில், நம்மட முகவரியில், நாமே எழுதிய விதிகளோடு வைப்பது முடியாத காரியம் இல்லை.